கபம் சுரக்காத கபச் சுரப்பி

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் உயிரியல் பயிலும் மாணவர் தம் பாடநூலிலே ‘கபச் சுரப்பி’ என்னும் சொல்லைக் காண்பர். மூளையின் அடிப்புறத்திலே சிறு காம்பொன்றில் தொங்கும், பட்டாணிக் கடலையளவான உறுப்பு அது. அதன் நிறை ஏறக்குறைய அரைக் கிராம். உடல் வளர்வதும், தாய்க்குப் பால் சுரப்பதும், சிறுநீரின் அளவு மட்டுப்படுவதும், ஏனைய சுரப்பிகள் பல தத்தம் வேலையைச் செய்வதும் அதன் ஓமோன்களைப் பொறுத்தன. இவ்வளவையும் விரித்துக் கூறும் பாடநூல், அச்சுரப்பி கபத்தைச் சுரப்பதாக ஓரிடத்திலேனும் கூறுவதில்லை. கூறவும் இயலாது, கபத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. அப்படியாயின் அப்பெயர் வந்தவாறு எங்ஙனம்? கருத்தூன்றிப் படிக்கும் மாணவன் ஒருவன் இவ்வினாவை எழுப்புவானாயின், விடை சொல்லப் புகும் ஆசிரியர் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, மாட்டு மூளை விற்கும் ஒரு சந்தையிலே நிற்க வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பெயர், ‘பிட்யூட்டரி’ என்னும் ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பெயரோ ‘பிட்டுயிட்டா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிட்டுயிட்டா என்பது கோழை, சளி. ஒலியொப்புமை கண்டு இதனை நமது ‘பித்தம்’ என்னும் சொல்லோடு இணைத்துவிடத் தோன்றலாம், அது பொருந்தாது. பித்தத்துக்கு இலத்தீனில் வேறு சொல் உண்டு. இச்சொல்லின் பிறப்பைப் பற்றி உரோமரிடையே ஒரு வேடிக்கையான விளக்கமும் வழங்கிற்று. இலத்தீனில் ‘விட்டா’ என்பது உயிர். உயிரை நாடித் தாக்குவதாலேயே சளிக்கு அப்பெயர் வாய்த்தது என்றார் ஒரு புலவர். கி.பி. முதலாம் நூற்றாண்டினரான குவின்டிலியன் என்னும் நாவன்மை ஆசிரியர், சொற்பிறப்பாய்வோர் வழுக்கி விழும் இடங்களைச் சுட்டி நகைக்கும்போது இதனையும் சேர்த்துக்கொண்டார். சொல்லின் தோற்றத்திலே தவறான கதை புனைவது எத்துணை எளிது என்பதை உரோமர் அறிந்தே இருந்தனர். உறுப்பின் தொழிலிலே தவறான கதை புகுந்ததை அறிய உலகுக்கு நெடுங்காலம் சென்றது.

அக்கதையின் வேர் கிரேக்க நாட்டில் உள்ளது. இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் சமநிலையே உடல்நலம் என்பது ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிற் காணப்படும் கொள்கை. வாதம், பித்தம், சிலேற்பனம் என மூன்றாக எண்ணும் மரபிலே வந்த நமக்கு இக்கணக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கிரேக்கர் கபத்தை ‘பிளெக்மா’ என்றனர். எரிதல், அழற்சி என்னும் பொருளுடைய வேரிற் பிறந்த அச்சொல், நாளடைவிலே குளிர்ச்சியும் ஈரமும் உடைய நீர்மத்தின் பெயராக மாறிப்போயிற்று. பொருளோடு பொருந்தாத பெயர் இவ்வரலாற்றிலே தொடக்கத்திலிருந்தே உடன் வருகின்றது.

கபத்தின் உறைவிடம் மூளை என்று அவர்கள் கொண்டனர். அரிஸ்டோட்டில் இதற்குத் தந்த விளக்கம் நயமானது. நிலத்திலிருந்து எழும் ஆவி மேலே குளிர்ந்த வெளியை அடைந்து மழையாக இறங்குவது போல, உணவிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த உறுப்பாகிய மூளையை அடைந்து நீராகிக் கீழே வடிகின்றது என்றார் அவர். சளி நோயைக் குறிக்கும் ‘கற்றார்’ என்னும் ஐரோப்பியச் சொல்லுக்குக் ‘கீழே ஒழுகுவது’ என்பதே பொருள்.

இதனைப் பேதைமை என்று தள்ளிவிடல் நேர்மையாகாது. தடிமன் பிடித்தவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தலை கனக்கின்றது, நெற்றி வலிக்கின்றது, சிந்தனை மந்தமாகின்றது, மூக்கிலிருந்து நீர் ஓயாது வடிகின்றது, வடிந்து முடிந்ததும் தலை இலேசாகின்றது. தலைக்குள்ளே தேங்கியிருந்தது ஏதோ வெளியேறிற்று என்று அவன் கருதுவானேயன்றி, மூக்கின் உட்சவ்வே அந்நீரைச் சுரந்தது என்று கருதமாட்டான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்கு வீடு மெய்ப்பிக்கப்பட்டு வந்த கொள்கை அது. இத்தகைய கொள்கையை அசைப்பது, நூலில் மட்டும் வாழும் கொள்கையை அசைப்பதினும் பன்மடங்கு கடினம்.

கொள்கைக்கு ஒரு வழித்தடம் வேண்டியிருந்தது. மூளையில் ஊறும் கபம் எவ்வழியாக மூக்கையும் அண்ணத்தையும் அடைகின்றது? அவ்வழியை வகுத்தவர் கேலன். கி.பி. 129-இல் பெர்காமம் என்னும் நகரிற் பிறந்து, உரோமாபுரியிலே மார்க்கஸ் ஒரேலியஸ் மன்னனின் வைத்தியராய் விளங்கியவர் அவர். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அக்கால உரோமில் இல்லை. ஆகவே குரங்கு, பன்றி, ஆடு, மாடு ஆகியவற்றை அறுத்தே அவர் உடலமைப்பை ஆராய்ந்தார். பெரிய நகரங்களிலே ஓடு நீக்கிய மாட்டு மூளை விலைக்குக் கிடைக்கும் என்று தம் நூலில் அவரே எழுதி வைத்திருக்கின்றார். பயில விரும்பும் மாணவருக்கு அவர் சொன்ன வழி அது.

அம்மூளையின் அடியிலே அவர் கண்டவை மூன்று. மூளையின் உட்குழியிலிருந்து கீழிறங்கும் காம்பு ஒன்று. மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தமையால் அதனைப் ‘புனல்’ என்றார். அதன் நுனியிலே ஒரு சுரப்பி. சுரப்பியைச் சூழ்ந்து மிக நுண்ணிய நாடிகளாலான வலை ஒன்று. மீன்வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாற் போன்ற அவ்வலை பிற்காலத்திலே ‘வியத்தகு வலை’ எனப் பெயர்பெற்றது. இதயத்திலிருந்து வரும் உயிர்க்காற்று இவ்வலையிலே நுண்மையடைந்து மூளைக்குரிய காற்றாகின்றது; அவ்வேலையில் எஞ்சும் கழிவிலே இலேசானது மண்டையோட்டின் பொருத்துகள் வழியே மேலே போகின்றது; கனமானது கபமாகிப் புனல் வழியே இறங்கிச் சுரப்பியிலே வடிந்து, அடியிலுள்ள என்பின் துளைகளினூடாக மூக்கையும் அண்ணத்தையும் அடைகின்றது என்றார் கேலன். அடுப்பு, புகைபோக்கி, சாக்கடை யாவும் குறைவின்றி அமைந்த ஒரு வீட்டின் திட்டம் போன்றது இது. இத்திட்டத்திலே சுரப்பிக்குக் கிடைத்த பதவி, சாக்கடை வாயிலிலே வைத்த வடிகட்டியின் பதவிதான்.

ஒரு குறையும் உண்டு. மாட்டிலும் ஆட்டிலும் தெளிவாகத் தெரியும் அந்த வியத்தகு வலை மனிதனிடத்தில் இல்லை. இல்லாத வலையை ஐரோப்பிய வைத்திய மாணவர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பாடங்கேட்டனர். 1521-இல் இத்தாலியரான பெரெங்காரியோ டா கார்ப்பி, எத்துணை தேடியும் அதனைக் காணவில்லை என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் அந்திரேயாஸ் வெசாலியஸ். பிரசல்ஸ் நகரிற் பிறந்து, படுவாப் பல்கலைக்கழகத்திலே மனித உடலைத் தம் கையாலேயே அறுத்துக் காட்டிப் போதித்த ஆசிரியர் அவர். அவரும் 1538-இல் வெளியிட்ட படங்களிலே அவ்வலையை வரைந்திருந்தார். ஐந்தாண்டு கழித்து, 1543-இல் பாசெல் நகரில் அச்சேறிய தமது பெருநூலில், அது மனிதனிடத்தில் இல்லை என்று மறுத்ததோடு நில்லாமல், வெட்கத்தோடு ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டார். மாணவர் முன்னிலையிலே மனிதத் தலையை அறுக்கும்போதெல்லாம் ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ ஒன்றை அருகில் வைத்திருந்து, மனிதத் தலையிற் காணாததை அதிலே காட்டிச் சமாளித்து வந்தாராம். ஆசிரியத் தொழில் செய்வார் எவரும் இப்பகுதியைப் படித்துச் சற்றே நெளியாதிருத்தல் அரிது.

ஆனால் வலையை அறுத்தெறிந்த வெசாலியஸ் சாக்கடையை அப்படியே விட்டுவிட்டார். மூளையின் கபத்தை ஏற்கும் சுரப்பி என்று நீண்டதொரு இலத்தீன் தொடரால் அதனை வழங்கி, கபம் இறங்கும் வழிகளையும் படத்திலே வரைந்து காட்டினார். கேலனை எதிர்த்த கையே கேலனின் பிழைக்கு நிலையான பெயரைப் பொறித்துக் கொடுத்தது. அந்நூலின் படங்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. படங்களோடு பெயரும் பரவிற்று. நீண்ட தொடர் நாளடைவில் ‘கபச் சுரப்பி’ எனச் சுருங்கிற்று.

கொள்கை விழுந்தது அடுத்த நூற்றாண்டில். ஜேர்மனியின் விற்றன்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான கொன்ராட் விக்ரர் ஷ்னைடர், 1660-இல் தொடங்கிப் பல பாகங்களாகச் சளி நோயைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். மூக்கின் மேலுள்ள என்பிலே காணப்படும் துளைகள் நரம்புகளாலும் சவ்வாலும் அடைபட்டுள்ளன. அவற்றினூடே கபம் இறங்க இயலாது. சளியைச் சுரப்பது மூக்கின் உட்சவ்வே என்று அவர் நிறுவினார். அச்சவ்வு இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுவதுண்டு. இங்கிலாந்திலே அவ்வேலையை நிறைவு செய்தவர் றிச்சர்ட் லோவர். ஒரு நாயின் இரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றிக் காட்டி 1665-இல் அறிஞருலகை வியக்கவைத்தவர் அவர். மூளையின் அமைப்பை ஆராய்ந்த தோமஸ் வில்லிஸின் உதவியாளராயும் இருந்தவர். மூளையிலிருந்து மூக்குக்கோ அண்ணத்துக்கோ வழி இல்லை என்பதைத் தமது ஆராய்ச்சியால் நாட்டி, சளியின் தோற்றம் பற்றிய சிறு நூலொன்றை 1672-இல் அவர் வெளியிட்டார். மூளையிலிருந்து புனல் வழியே சுரப்பிக்கு வருவது எதுவாயினும் அது இரத்தத்திலேயே மீண்டும் கலக்கின்றது என்றும் அதிற் கூறினார். ஓமோன் என்னும் சொல்லே பிறவாத காலத்திலே அவர் கூறிய இக்கூற்று, இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னரே தன் முழுப் பொருளையும் காட்டிற்று.

பிழை தீர்ந்தது, பெயர் போகவில்லை. காரணம் எளிது. சாக்கடைப் பதவியைப் பறித்த ஷ்னைடரும் லோவரும் சுரப்பிக்கு வேறொரு பதவியைக் கொடுக்கவில்லை. தொழில் இன்னதென்று அறியாத உறுப்புக்குப் புதுப்பெயர் சூட்ட எவர் முன்வருவர்? 1778-இல் ஜேர்மானியரான சாமுவேல் தோமஸ் சோமரிங் ஒரு வழி கண்டார். தொழிலைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லி, ‘ஹைப்போபிசிஸ்’, அஃதாவது கீழே முளைத்தது, என்று பெயரிட்டார். அறிந்ததற்கு மேல் ஓரெழுத்தும் கூறாத அடக்கமான பெயர் அது.

பதவியற்றிருந்த அவ்வுறுப்பு மீண்டும் வைத்தியர் கண்ணிற் பட்டது 1886-இல். கைகால்களும் தாடையும் மூக்கும் முறையின்றிப் பெருக்கும் நோயொன்றை அவ்வாண்டிலே பாரிஸ் நகர வைத்தியர் பியேர் மரி விவரித்தார். இத்தகையோர் இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது, மூளையடிச் சுரப்பி வீங்கியிருக்கக் காணப்பட்டது. 1895-இல் இலண்டனில் ஒலிவரும் ஷேபரும் அச்சுரப்பியின் சாறு இரத்த அமுக்கத்தை உயர்த்துவதைக் கண்டனர். 1906-இல் ஹென்றி டேல் அதே சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். சில ஆண்டுகளுள் பிரசவ அறைகளிலே அது மருந்தாயிற்று. பிள்ளை பெற்றபின் உதிரப்போக்கால் மாண்ட தாய்மாரின் தொகை அறிந்தோருக்கு அம்மருந்தின் பெறுமதி விளங்கும். மாட்டு மூளையிலிருந்து கேலன் பெற்றது ஒரு கற்பனைச் சாக்கடை. டேல் பெற்றது உயிர்காக்கும் மருந்து. பொருள் ஒன்றே, கேட்ட கேள்வி வேறு. 1912-இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஹார்வி குஷிங் இச்சுரப்பியையும் அதன் நோய்களையும் பற்றித் தனிநூலே எழுதினார். அவரும் தலைப்பிலே பழைய பெயரையே இட்டார்.

வரலாறு இங்கே சில குறும்புகளையும் செய்திருக்கின்றது. சுரப்பி இருக்கும் குழியைத் ‘துருக்கியச் சேணம்’ என்பர். குதிரைச் சேணம் போல வளைந்த என்பு அது. அங்கே கட்டி தோன்றின் அதனை அகற்றுவது எப்படி? 1907-இல் இன்ஸ்புறுக் நகரில் ஹெர்மன் ஷ்லோபர் மூக்கின் வழியே என்பைத் துளைத்துச் சுரப்பியை அடைந்தார். இன்று இச்சத்திரசிகிச்சைகளிற் பெரும்பாலானவை மூக்கு வழியாகவே நிகழ்கின்றன. கபம் இறங்குவதாகக் கேலன் சொன்ன வழி இயற்கையில் இல்லை. சத்திரவைத்தியர் அதனைத் தாமே திறந்துகொண்டு மேலேறினர். இன்னொன்று: 1838-இல் மார்ட்டின் றாத்கே கருவின் வளர்ச்சியை ஆராய்ந்து, சுரப்பியின் முற்பகுதி மூளையிலிருந்து தோன்றாமல் வாயின் மேற்கூரையிலிருந்து மேலெழுந்து சென்று மூளையோடு சேர்கின்றது எனக் காட்டினார். மூளைக்கும் அண்ணத்துக்கும் உறவு உண்டென்று பழையோர் கருதியது முற்றும் வீணன்று, திசைதான் தலைகீழாயிற்று.

எல்லாவற்றினும் பெரிய குறும்பு புனலின் கதை. அக்காம்பினூடே எதுவும் கீழிறங்குவதில்லை என்று கருதப்பட்ட காலம் போய், இருபதாம் நூற்றாண்டிலே அது மீண்டும் வழியாயிற்று. 1949-இல் ஜேர்மானியரான பார்க்மன், பிற்பகுதியின் ஓமோன்கள் மூளையிலேயே உண்டாகி நரம்பிழைகள் வழியே சுரப்பிக்கு இறங்குகின்றன என்று சாயமிட்டுக் காட்டினார். முற்பகுதிக்குக் கட்டளைகள் மூளையிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியே வருகின்றன என்று இங்கிலாந்தின் ஜெப்ரி ஹரிஸ் 1955-இல் வெளியிட்ட நூலிலே வாதித்தார். நம்பாதவர் பலர், அக்கட்டளைப் பொருள் எங்கே என்று கேட்டனர். அதனைப் பிரித்தெடுக்க றொஜர் கியமனின் குழுவினர் ஆட்டு மூளைகளையும், அன்ட்றூ ஷாலியின் குழுவினர் பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கிலே இறைச்சிக் கூடங்களிலிருந்து பெற்று ஆராய்ந்தனர். 1969-இல் முதற் பொருளின் அமைப்பு வெளிப்பட்டது. 1977-இல் இருவரும் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். கேலன் நின்ற அதே சந்தைக்கு அறிவியல் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டதெனலாம். மூளையிலிருந்து காம்பின் வழியே இறங்குவது உண்டு. அது கழிவன்று, கட்டளை. சேருமிடம் மூக்கன்று, இரத்தம். லோவர் சொன்னது அதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது, தொழில் விளங்கினால் போதாதோ என்று கேட்போர் இருப்பர். இதே சுரப்பியைச் சார்ந்த வேறொரு பெயரின் கதை அவர்களுக்கு விடையாகும். சுரப்பியின் பிற்பகுதி ஓமோன் குறைந்தால் சிறுநீர் அளவின்றிப் போகும், தாகம் தணியாது. நீரிழிவு நோயிலே சிறுநீர் தேன்போல் இனிக்கும் என்பதை 1674-இல் எழுதியவர் லோவரின் ஆசானாகிய வில்லிஸ். பின்வந்தோர், இனிப்பில்லாத இந்நோயையும் நீரிழிவென்றே கருதி, ‘சுவையற்ற நீரிழிவு’ என்னும் பொருள்பட இலத்தீனில் ‘டயபெட்டிஸ் இன்சிப்பிடஸ்’ எனப் பெயரிட்டனர். இரு நோய்க்கும் காரணம் வேறு, மருந்து வேறு. ஆயினும் முற்பாதிப் பெயர் ஒன்றாயிருந்தமையால், வைத்தியசாலைகளிலே இந்நோயாளரைச் சர்க்கரை நோயாளர் என மயங்கி, அவர்களுக்கு இன்றியமையாத ஓமோன் மருந்தைக் கொடாது விட்டமையால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. இதனாலே 2022-இல் பல நாட்டு ஓமோன் வைத்திய சங்கங்கள் கூடி அப்பெயரை விலக்கி, குறைந்துள்ள ஓமோனின் பெயரையே நோய்க்கு இட்டன.

‘பிட்யூட்டரி’ என்னும் பெயரை மாற்ற இத்தகைய நெருக்கடி எதுவும் எழவில்லை. ஆங்கிலம் பேசுவோன் அச்சொல்லைக் கேட்கும்போது சளியை நினைப்பதில்லை; அப்பொருள் அவனுக்குச் செத்துவிட்டது. தமிழ் மாணவன் நிலை அதுவன்று. கலைச்சொல் ஆக்கியோர் மூலச்சொல்லின் பொருளை உண்மையாகவே பெயர்த்தனர். பெயர்த்ததால், ஐரோப்பாவிலே 1672-இல் இறந்த கொள்கை தமிழிலே ‘கபம்’ என்னும் உயிருள்ள சொல்லாய் எழுந்து நிற்கின்றது. நெஞ்சிலே கட்டும் கபத்துக்கும் இச்சுரப்பிக்கும் உறவுண்டென்று பிள்ளைகள் எண்ணினால் குற்றம் அவர்களுடையதன்று. ‘மூளையடிச் சுரப்பி’ என்று எழுதுவாரும் உளர். சோமரிங் 1778-இல் செய்ததை ஒத்தது அது. ஆனால் சோமரிங்கின் சொல்லும் பழைய சொல்லை வெளியேற்றிவிடவில்லை. உடற்கூற்றியலார் ஒப்பிய இலத்தீன் பெயர்ப்பட்டியலிலே கபச் சுரப்பியும் கீழ்முளையும் ஓர் உறுப்புக்கு இரு பெயர்களாய் இன்றும் அருகருகே நிற்கின்றன.